கொக்கி போட்டுத்தான் இருந்தது, வலைதான் காக்கவில்லை

கேள்வி

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். மேடவாக்கத்தில் குடியிருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்கு இருபதடி மண் தரை இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் என் மாமியார் செங்கம் பக்கத்திலிருந்து கொண்டுவந்த குஞ்சுகள் வளர்ந்து ஏழு பெட்டையும் ஒரு சேவலுமாக ஆயின. பத்து நாளைக்கு முன் வாரச் சந்தையில் இன்னும் இரண்டு பெட்டை வாங்கிச் சேர்த்தோம். போன திங்கட்கிழமை காலையில் பார்த்தால் மூன்று கோழி செத்துக் கிடந்தன. இரண்டுக்குத் தலை இல்லை. மூன்றாவதுக்கு ஒரு இறக்கை பிய்ந்திருந்தது. மூன்றும் கூண்டுக்குள்ளேயே, வலையோரமாகக் கிடந்தன. நேற்றிலிருந்து இன்னொரு கோழி தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது, பச்சையாகக் கழிகிறது. அன்று கூண்டைச் சாத்தியது என் ஒன்பது வயது மகள். கொக்கியைச் சரியாகப் போடவில்லையோ என்று இன்னும் அழுகிறாள். எலி மருந்து வைத்தால் அந்தப் பிராணி சாகுமா? பக்கத்து வீட்டில் நாற்றம் என்றும், விடியுமுன் சேவல் கூவுகிறது என்றும் சொல்கிறார்கள். மாமியார் இனிமேல் கோழியே வேண்டாம் என்கிறார். என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி, மேடவாக்கம்

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் செத்த கோழிகளை விட்டுவிட்டு, நிற்கிற கோழிக்கு வருகிறேன். இதைப் படிக்கிற நாளே அதைத் தனியே எடுத்துவிடுங்கள். ஒரு அட்டைப்பெட்டியோ பழைய பஞ்சாரமோ போதும். மற்ற கோழிகளிடமிருந்து நன்றாகத் தள்ளி, வீட்டின் இன்னொரு பக்கத்தில் வையுங்கள். அதைத் தொடுகிறவர் ஒருவராகவே இருக்கட்டும். முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான கோழிகளுக்குத் தீனி, தண்ணீர் வைத்து முடித்த பிறகுதான் அதனிடம் போக வேண்டும். போய் வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, செருப்பையும் கழுவுங்கள். மகள் அந்தப் பக்கமே போகக் கூடாது.

பச்சைக் கழிச்சல் என்றதும் எல்லோருக்கும் வெள்ளைக் கழிச்சல் நோய்தான் நினைவுக்கு வரும். எங்கள் மொழியில் ராணிக்கேட் நோய். 1920களின் கடைசியில் இமயமலைப் பகுதியில் இருக்கும் ராணிக்கேட் ஊரில் அடையாளம் கண்டதால் அந்தப் பெயர் நின்றுவிட்டது. உங்கள் கோழிக்கும் அதுவாக இருக்கலாம். ஆனால் இரண்டு நாள் இரை எடுக்காத எந்தக் கோழிக்கும் பித்தநீர் இறங்கிப் பச்சையாகத்தான் கழியும். நிறத்தை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் சொல்ல முடியாது. வேறு நான்கு விஷயங்களைப் பாருங்கள். கழுத்து ஒரு பக்கமாகத் திருகுகிறதா? காலோ இறக்கையோ விழுந்துவிட்டதா? வாயைத் திறந்து இழுத்து இழுத்து மூச்சு விடுகிறதா? காலையில் கழுத்தடியில் இருக்கும் இரைப்பையைத் தொட்டால் முதல் நாள் தின்றது கல் மாதிரி அப்படியே இருக்கிறதா, இல்லை காலியாகத் துவண்டு கிடக்கிறதா? இந்த நான்கையும் எழுதிக்கொண்டு பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். கோழியையே எடுத்துப் போனால் இன்னும் நல்லது. பெட்டியில் வைத்து, மேலே துணி மூடி, பேருந்தில் இல்லாமல் சொந்த வண்டியில் போங்கள். வழி தெரியவில்லை என்றால் 1962 என்ற கால்நடை உதவி எண்ணில் கேளுங்கள்.

உண்மையாகவே ராணிக்கேட் என்றால் அதற்குக் குணமாக்கும் மருந்து கிடையாது. குளுக்கோஸும் உப்பும் கலந்த தண்ணீர் கொடுத்து, நிழலில் வைத்து, அது தானே தேறுகிறதா என்று பார்க்க வேண்டியதுதான். மருந்துக் கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் பொடி வாங்கித் தண்ணீரில் கலக்கிற பழக்கம் நம் ஊரில் நிறைய இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இது வைரஸ் நோய், அந்தப் பொடிக்கு அடங்காது. கொடுத்த மருந்து முட்டையில் இறங்கும், அந்த முட்டையை உங்கள் மகள் சாப்பிடுவாள். உணவுக்காக வளர்க்கும் உயிர்களுக்குக் கொலிஸ்டின் என்ற மருந்தை 2019இல் மத்திய அரசு தடை செய்ததற்குக் காரணமே, மனிதனுக்கு ஆபத்தான நேரத்தில் கொடுக்க வேண்டிய மருந்து வேலை செய்யாமல் போய்விடும் என்பதுதான்.

நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னை உறுத்துகிறது. பத்து நாளைக்கு முன் சந்தையில் இரண்டு பெட்டை வாங்கி, வந்த அன்றே கூட்டத்தோடு விட்டிருக்கிறீர்கள். ராணிக்கேட் கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரிய இரண்டு நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். பெரும்பாலும் ஐந்தாறு நாள். சந்தையில் பத்து ஊர்க் கோழிகள் ஒரே கூடையில் கால் கட்டிக் கிடக்கின்றன. எதற்கு என்ன நோய் என்று விற்கிறவருக்கே தெரியாது. எங்கிருந்து வாங்கினாலும், பார்ப்பதற்கு எவ்வளவு மினுமினுப்பாக இருந்தாலும், புதுக் கோழி மூன்று வாரம் தனியே இருக்க வேண்டும். அதன் தண்ணீர்ச் சட்டி கூட வேறாக இருக்க வேண்டும்.

அந்தக் கோழி இறந்துவிட்டால் அறுத்துச் சமைக்காதீர்கள், சாக்கடையிலோ குப்பைத் தொட்டியிலோ போடாதீர்கள். இரண்டு பாலித்தீன் பையில் கட்டி, ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் வைத்து, அன்றைக்கே வேப்பேரியில் இருக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போய்ப் பரிசோதனை செய்யக் கேளுங்கள். உறையவைக்கும் பெட்டியில் போடக் கூடாது, உள்ளுறுப்புகளைப் படிக்க முடியாமல் போகும். கொண்டுபோக முடியாவிட்டால் ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று கோழிகள் காயம் எதுவும் இல்லாமல் செத்தாலோ, தெருவில் காகங்கள் செத்து விழுந்தாலோ, எதையும் தொடாமல் உடனே மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலா என்று பார்ப்பது அவர்கள் வேலை. சொல்வது நம் கடமை.

இனி உங்கள் மகளின் அழுகைக்கு வருகிறேன். முப்பது வருடமாகச் செத்த கோழிகளைப் பார்த்துக் காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எழுதிய மூன்று விவரங்களை வைத்து இதைத் தைரியமாகச் சொல்கிறேன். அவள் கொக்கியைச் சரியாகத்தான் போட்டிருக்கிறாள்.

கதவு திறந்திருந்து நாய் உள்ளே புகுந்திருந்தால் மூன்றோடு நிற்காது. அது பசிக்குக் கொல்வதில்லை. ஓடுகிறதைத் துரத்தித் துரத்திக் கடிக்கும். முற்றம் பூராவும் இறகாக இருக்கும். பூனையோ மரநாயோ உள்ளே வந்திருந்தால் ஒன்றையாவது தூக்கிக்கொண்டு போயிருக்கும். பாம்பு என்றால் பெரிய கோழியை அது தொடவே தொடாது. முட்டையும் குஞ்சும் காணாமல் போகும், சத்தமோ இறகோ இருக்காது. பெருச்சாளி முட்டையையும் குஞ்சையும் எடுக்கும், தூங்குகிற கோழியின் காலைக் கடிக்கும், தலையை எடுக்காது. கீரி பகலில் வேட்டையாடுவது. இங்கே நடந்தது என்ன? உடல் கூண்டுக்குள்ளேயே, அதுவும் வலையோரமாக. இரண்டுக்குத் தலை மட்டும் இல்லை. ஒன்றுக்கு இறக்கை மட்டும் பிய்ந்திருக்கிறது. வந்த பிராணி கூண்டுக்குள் காலே வைக்கவில்லை. வெளியே நின்று, வலைக் கண் வழியாகக் கையை விட்டு, எட்டியதை இழுத்திருக்கிறது. தலை வந்தது, உடல் வரவில்லை. இறக்கை பாதி வந்தது, கோழி வரவில்லை. கதவு மூடியிருந்தால்தான் இப்படி நடக்கும். இதை உங்கள் மகளுக்கு அப்படியே படித்துக் காட்டுங்கள்.

பிராணி எது என்றால், மரநாய் என்றே நினைக்கிறேன், பூனையாகவும் இருக்கலாம். மேடவாக்கத்துக்குப் பக்கத்திலேயே நன்மங்கலம் காப்புக்காடு இருக்கிறது. மரநாய் காடு தாண்டி வீட்டு மொட்டை மாடியிலும் ஓட்டுச் சந்திலும் குடும்பம் நடத்துகிற பிராணி. சென்னையின் பழைய மரங்கள் உள்ள தெருக்களில் எல்லாம் இருக்கிறது. மதில் மேலோ மாடிப்படியிலோ பழக்கொட்டைகள் நிறைந்த எச்சம் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் அதுதான். பூனை எச்சத்தில் கொட்டை இருக்காது.

உங்கள் கூண்டில் அறுகோணக் கண் வலை அடித்திருப்பீர்கள். கடையில் கோழி வலை என்று கேட்டால் அதைத்தான் சுருட்டித் தருவார்கள். கோழி வெளியே போகாமலிருக்க அது போதும். மற்றது உள்ளே வராமலிருக்க அது போதாது. கண் பெரியது, கம்பி மெல்லியது. நாய் பல்லில் மாட்டி இழுத்தால் பிரிந்துவிடும். அதை எடுத்துவிட்டு அரை அங்குலச் சதுரக் கண் வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்த வலை, வாங்குங்கள். கொஞ்சம் விலை கூடத்தான். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் பகலில் உலாவும் இடத்துக்குப் பழைய வலையே இருக்கட்டும், இரவில் அடையும் கூண்டுக்கு மட்டும் இதைப் போடுங்கள். ஆணி அடித்து நிறுத்தாமல், மெஷ்ஷின் ஓரத்தில் மரச் சட்டம் வைத்து அதன் மேல் திருகாணி போடுங்கள். ஆணியை அசைத்தே பிடுங்கிவிடுகிற பெருச்சாளிகளைப் பார்த்திருக்கிறேன்.

கூண்டுக்குள் அடையும் கட்டையைப் போய்ப் பாருங்கள். என் கணிப்பு சரியென்றால் அது வலையை ஒட்டியே இருக்கும். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. அடைந்த இடத்தை விட்டு நகராது. பக்கத்தில் இருக்கிற கோழியை இழுத்தால் கூட, கேவுமே தவிர எழுந்து ஓடத் தெரியாது. பகலில் காகத்தைக் கண்டால் குரல் கொடுக்கிற, பருந்து நிழல் பட்டால் செடிக்கடியில் பதுங்குகிற அதே கோழிதான், ஆறரை மணிக்கு மேல் முழுக்க உங்கள் பொறுப்பு. கட்டையை எல்லா வலைப் பக்கத்திலிருந்தும் ஒன்றரை அடியாவது உள்ளே தள்ளிக் கூண்டின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். தரையிலிருந்து இரண்டடி உயரம், இரண்டு அங்குல அகலம், ஓரங்கள் இழைத்த மரக்கட்டை. ஒரு கோழிக்கு எட்டு அங்குல இடம் கொடுங்கள். முடிந்தால் இதை மெஷ் வாங்குவதற்கு முன்னாலேயே, இன்று சாயந்திரமே செய்யுங்கள். மெஷ் வரும்வரை இரவில் நான்கு பக்கமும் பலகையோ தகரமோ சாத்தி, மேலே ஒரு கை அகலத்துக்குக் காற்றுப் போக இடம் விடுங்கள்.

தரைக்கு அடியிலிருந்து வருகிற ஆபத்து வேறு. நம் ஊர்ப் பெருச்சாளி மண் தரையை ஒரே இரவில் குடைந்துவிடும். கூண்டின் தரையைச் சிமென்ட் போடுங்கள், இல்லையென்றால் வலையைச் சுவரோடு நிறுத்தாமல் வெளிப்பக்கமாக ஒரு அடி மடித்து மண்ணுக்குள் புதையுங்கள். சுவரோரமாகத் தோண்டத்தான் அதற்குத் தெரியும், ஓரடி தள்ளி நின்று தோண்ட அதற்குத் தோன்றாது. கதவுக்குக் கொக்கி ஒன்று போதாது. கொக்கியோடு ஒரு தாழ்ப்பாளும் போட்டு, தாழ்ப்பாள் துளையில் ஒரு பெரிய ஊக்கைக் குத்திவையுங்கள். கொக்கியை மூக்கால் நிமிண்டித் தூக்குகிற பிராணிகள் உண்டு.

எலி மருந்து கேட்டிருந்தீர்கள். வேண்டாம். எலி மருந்து தின்ற எலி உடனே சாகாது. இரண்டு மூன்று நாள் தள்ளாடித் திரியும். அதைப் பூனை தின்னும், கூகை தின்னும், உங்கள் கோழியும் கொத்தும். எல்லாவற்றுக்கும் அந்த விஷம் போகும். ஒரு வருடத்தில் எத்தனையோ பெருச்சாளிகளைத் தின்கிற கூகையைக் கொன்றுவிட்டுப் பெருச்சாளிகளை வளர்ப்பதில் என்ன லாபம்? மரநாய், கீரி, பாம்பு எல்லாம் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறவை. விஷம் வைப்பதும் பொறி வைத்துப் பிடிப்பதும் குற்றம். பாம்பைக் கண்டால் குச்சி எடுக்காமல், பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பாம்பு கோழியைத் தேடி வருவதில்லை, எலியைத் தேடி வருகிறது. எலி சிந்திய தீனியைத் தேடி வருகிறது. அந்தச் சங்கிலியில் உங்கள் கைக்கு எட்டுவது தீனிதான். சாயந்திரம் கோழிகள் அடைந்ததும் தீனித் தட்டைக் கழுவி உள்ளே எடுங்கள். மூட்டையை மூடியுள்ள தகர டின்னில் கொட்டிவையுங்கள். முட்டையை மதியமும் சாயந்திரமும் இரண்டு தடவை எடுங்கள். மதிலோரத்தில் அடுக்கிய செங்கல், பழைய பலகை, காய்ந்த தென்னை மட்டை எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள்.

தீனி பற்றி ஒன்று. சாதம், தோசை, இட்லி மிச்சம் போடலாம். ஊறுகாய், அப்பளம், கருவாட்டுக் குழம்பு போன்ற உப்பு மிகுந்ததைப் போடாதீர்கள். கோழிக்கு உப்பு கொஞ்சம் கூடினாலே கேடு. கம்பு, நொய், தவிடு, முருங்கைக்கீரை எல்லாம் சிறப்பு. முட்டையிடுகிற கோழிக்குக் கிளிஞ்சலை இடித்துத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியதை அதுவே எடுத்துக்கொள்ளும். கடலைப் பிண்ணாக்கு வாங்கும்போது மட்டும் மூக்கருகே வைத்துப் பாருங்கள். சென்னையின் ஈரக் காற்றில் அது சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சையின் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் போகாது. பூஞ்சை வாடை வந்தால் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள்.

தடுப்பூசிதான் நான் இதில் மிகவும் மன்றாடிச் சொல்ல நினைக்கிற விஷயம். கூண்டைக் கோட்டை மாதிரி கட்டி, ஊசி போடாமல் விட்டு, ஒரே வாரத்தில் அத்தனை கோழியையும் இழந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ராணிக்கேட் வைரஸ் கம்பி வலைக்குள் காற்றாகவே போகும். பக்கத்துத் தெருக் கோழி, புறா, முட்டை அட்டை, உங்கள் செருப்பு எல்லாம் அதற்கு வாகனம். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, நான்காம் வாரம் மறுபடி ஒரு சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையடித் தோலில் ஊசி. வளர்ந்த கோழிகளுக்கு அடுத்தடுத்து எப்போது என்று மருந்தகத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அரசு ஒவ்வொரு வருடமும் பிப்ரவரியில் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. மற்ற மாதங்களிலும் மருந்தகத்தில் வாரத்தில் ஒரு நாள் கோழிக்கு ஒதுக்கியிருப்பார்கள். எந்த நாள் என்று கேட்டு வையுங்கள்.

சொட்டு மருந்தை நீங்களே போட நேர்ந்தால் இப்படிச் செய்யுங்கள். மருந்துக் குப்பியை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்தே கொண்டுவர வேண்டும். வெயிலில் கையில் பிடித்து நடந்தால் வீடு சேருமுன் மருந்து செத்துவிடும், அதற்குப் பிறகு போடுவது வெறும் தண்ணீர். கலக்கிய பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். குஞ்சை இடது உள்ளங்கையில் படுக்கவைத்து, கட்டைவிரலால் தலையை மெதுவாகச் சாய்த்து, கண்ணுக்கு அரை அங்குலம் மேலிருந்து ஒரே ஒரு சொட்டு. உடனே விட்டுவிடாதீர்கள். அது கண்ணை மூடித் திறந்து, சொட்டு உள்ளே இறங்கி, கண் மறுபடி உலர்ந்த மாதிரி தெரியும்வரை பிடித்திருங்கள். மூன்று எண்ணுவதற்குள் நடந்துவிடும். தண்ணீரில் கலந்து கொடுக்கும் மருந்தானால் மெட்ரோ குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றாதீர்கள். அதிலிருக்கும் குளோரின் உயிருள்ள மருந்தைக் கொன்றுவிடும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு குப்பி நூறு கோழிக்கானது. ஏழு கோழிக்காக ஒன்றை உடைக்க மனம் வராது என்றால் தெருவில் கோழி வைத்திருக்கிற மற்ற வீடுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் கோழிக்கு நோய் வராமலிருப்பது உங்கள் கோழிக்கும் காவல்.

இப்போது உடனே ஊசி போட வேண்டாம். ஒன்று நோயில் இருக்கிறது, மற்றவற்றுக்குள் கிருமி போயிருக்கலாம். டாக்டர் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

உங்கள் மாமியார் சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, பூண்டு, மஞ்சள், கீழாநெல்லி அரைத்து உருண்டை பிடித்துக் கொடுப்பார் என்று நினைக்கிறேன். கொடுக்கட்டும். அதைக் குறை சொல்ல மாட்டேன். அம்மை கொப்புளத்துக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தடவுவதையும் நானே சொல்கிறேன். ஆனால் உருண்டை கொடுத்தோம் என்று ஊசியை விட்டுவிடக் கூடாது. அம்மை என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோழி அம்மையைப் பரப்புவதில் கொசுவுக்குப் பெரிய பங்கு. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு பள்ளிக்கரணை, மேடவாக்கம் பக்கம் கொசு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆறு முதல் எட்டு வாரத்தில் இறக்கைச் சவ்வில் குத்தும் அம்மைத் தடுப்பூசி உண்டு. மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

மழை பற்றிப் பேசும்போது கூண்டின் தரை உயரத்தையும் பாருங்கள். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் உங்கள் பகுதி பட்ட பாடு சொல்ல வேண்டியதில்லை. தரையோடு வைத்த கூண்டில் கோழிகள் இரவில் தண்ணீர் ஏறுவது தெரியாமலேயே மூழ்கின. இரண்டடி மேடை கட்டி அதன் மேல் கூண்டு இருக்கட்டும். அதற்கு மேல் தண்ணீர் வரும் என்று எச்சரிக்கை வந்தால், கோழிகளைக் கூடையில் போட்டு மாடிப்படிக்குக் கீழே இல்லாமல் மாடிப்படிக்கு மேலே கொண்டுபோக ஒரு இடம் இப்போதே யோசித்து வையுங்கள்.

கோடைக்கும் ஒரு வார்த்தை. கத்தரி வெயிலில் கோழி வாயைத் திறந்து, இறக்கையை உடம்பை விட்டு விலக்கி நின்றால் அது சூடு தாங்காமல் திணறுகிறது என்று அர்த்தம். கோழிக்கு வியர்க்காது. தீனியைக் காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்துக்கு மேலும் மட்டும் போடுங்கள். மண் சட்டியில் நிழலில் தண்ணீர் வைத்து, நண்பகலில் ஒரு தடவை மாற்றுங்கள். நீர்மோர் கொடுக்கலாம். ஈரச் சாக்கு தொங்கவிடுவது உள் மாவட்டத்தில் நன்றாக வேலை செய்யும். இங்கே கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் சாக்கோடு காற்றோட்டமும் வேண்டும், ஒரு சின்ன மின்விசிறி வைக்க முடிந்தால் வையுங்கள். திணறுகிற கோழியின் கால்களை ஒரு தட்டு தண்ணீரில் நிற்கவைத்தால் சூடு தணியும்.

பக்கத்து வீட்டார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவர்களோடு வாதாடாதீர்கள். கோழிக் கூண்டு நாறுவது ஈரத்தால். தரையில் மூன்று அங்குலத்துக்கு நெல் உமியோ தேங்காய் நார்த்தூளோ போட்டு, வாரத்துக்கு இரண்டு தடவை கிளறிவிடுங்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்து பாருங்கள். உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் ஈரம் கூடிவிட்டது, அந்த இடத்தை அள்ளிப் போட்டுவிட்டுப் புது உமி போடுங்கள். ஈர உமியில்தான் குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் கிருமியும் பெருகுகிறது. அள்ளியதை மக்கவைத்தால் ரோஜாச் செடிக்கு அதைவிட நல்ல உரம் இல்லை. ஒரு பை பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள். உங்கள் பகுதியில் கோழி வைப்பதற்கு மாநகராட்சி விதி என்ன என்பதை மண்டல அலுவலகத்தில் நேரில் கேட்டு வந்துவிட்டால், பிறகு யார் கேட்டாலும் பதில் சொல்லலாம்.

சேவலைப் பொறுத்தவரை, முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை. சேவல் இல்லாமலும் பெட்டை அதே அளவு முட்டையிடும். குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும். நெருக்கமான தெருவில் நான் சேவலை வைத்துக்கொள்ளச் சொல்வதில்லை. ஆனால் இப்போது அனுப்பாதீர்கள். நோய்க் கூட்டத்திலிருந்து ஒரு பறவையைச் செங்கத்துக்கு அனுப்பினால் ஊர்க் கோழிகள் எல்லாம் போய்விடும். கடைசிக் கோழி தேறியோ இறந்தோ ஒரு மாதம் ஆகட்டும், டாக்டரும் சரி என்று சொல்லட்டும். அதுவரை அதை இரவில் வெளிச்சம் புகாத கூண்டில் அடைத்து, காலை ஆறரைக்குத் திறந்துவிடுங்கள். கூவல் முழுதும் நிற்காது, நேரம் தள்ளிப்போகும்.

மாமியாருக்கு என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். விருதுநகர்ப் பக்கம் எங்கள் வீட்டில் அம்மா அந்தி சாய்ந்ததும் கோழிகளை எண்ணி எண்ணிப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, மேலே அம்மிக் குழவியை வைப்பார். நான் படித்து, வேலைக்கு வந்து, தாம்பரத்தில் வீடு கட்டி, பெரிய கூண்டு போட்டு, எண்ணுவதை விட்டேன். ஒரு இரவு ஒரு பெட்டை வெளியே கொய்யா மரத்தில் அடைந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. காலையில் மரத்தடியில் இறகு மட்டும் கிடந்தது. அன்றிலிருந்து எண்ணாமல் நான் தூங்குவதில்லை. உங்கள் மாமியாருக்கு அந்த எண்ணுகிற பழக்கம் கட்டாயம் இருக்கும். அவரை இதிலிருந்து விலகவிடாதீர்கள். மெஷ், திருகாணி, ஊசி நாள் எல்லாம் நீங்கள் பாருங்கள். அந்தி எண்ணிக்கையை அவர் பார்க்கட்டும், கூடவே உங்கள் மகளும் நிற்கட்டும்.

இன்றிலிருந்து பதினைந்தாம் நாள் எனக்கு மறுபடி எழுதுங்கள். மீதி ஆறில் எதற்காவது கழிந்ததா, எதற்காவது கழுத்துத் திருகியதா, தனியே வைத்தது இரை எடுக்கிறதா என்று தேதி போட்டு எழுதுங்கள். மதில் மேல் பழக்கொட்டை எச்சம் இருந்ததா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

அன்புடன்,
கால்நடை மருத்துவர்